மேற்கு வரைக்கும் திரும்பணும்

“என்ன சேனல் பாக்கணும் தங்கச்சி, முதல்ல அதச் சொல்லுங்க” என்று மொகுதூம் பாய் மறுபடியும் கேட்கிறார், நான் மறுபடியும் “எல்லாந்தான் பாய்” என்கிறேன், அவர் சிரிக்கிறார். எல்லாம் என்றால் என்னவென்று தெரியாத பொம்பளை என்று நினைத்திருப்பார், நினைத்தால் நினைக்கட்டும், சிரித்துக்கொண்டே பேசுகிறாரே அது போதும். என்னிடம் சிரித்துப் பேசுகிறவர்கள் இந்த ஊரில் குறைந்துபோய்விட்டார்கள். என் வீட்டுக்காரர் கிளாடி வேலை பார்க்கும் கப்பலைச் சோமாலியாக்காரர்கள் பிடித்துக்கொண்டு போனதாகப் பேப்பரில் வந்த நாளிலிருந்து, தூத்துக்குடியில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் என்னைத் தெரிந்தவர்களுக்கு முதலில் புருவம் இறங்கும், பிறகு குரல் இறங்கும். நான் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனை லேபில், ஊசி குத்தக் கை நீட்டுகிற நோயாளிகள்கூட “ஒங்க வீட்டுக்காரரு பத்தி ஏதாச்சும் தகவல் உண்டாம்மா” என்று என்னை விசாரிக்கிறார்கள். பாய்க்கு என்னைத் தெரியவில்லை. காயல்பட்டினத்திலிருந்து வந்து புதிதாக டிவி டிஷ் கடை போட்டிருக்கிறார். அதனால்தான் இந்தக் கடைக்குப் போவோம் என்று ரெமியிடம் சொன்னேன். ரெமி கிளாடியின் தம்பி. உள்ளே வரமாட்டேன் என்று வெளியே பைக்கின் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். “மைனி, இது வேண்டாத வேல, சொன்னாக் கேளுங்க” என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டு வந்தான். அவனுடைய பின்கழுத்து அப்படியே அவன் அண்ணனுடைய பின்கழுத்து. பைக்கில் பின்னால் உட்கார்ந்து வரும்போதெல்லாம் நான் கடைகளின் போர்டுகளைப் படித்துக்கொண்டே வருவேன்.

டிஷ்கள் ஒன்றுக்குள் ஒன்றாக, கல்யாண மண்டபத்துச் சமையற்கட்டில் தாம்பாளங்களை அடுக்கி வைத்த மாதிரி சுவரோரம் சாய்ந்திருக்கின்றன. பாய் ஒன்றைத் தட்டிக் காட்டுகிறார். “இது தகடு. நல்லா இழுக்கும், ஆனா காத்துக்கு நிக்காது, கடக்காத்து வேற. இது வலை. காத்து ஊடால போயிரும், ஆனா உப்புல அரிச்சிரும், வருசா வருசம் பெயிண்ட் அடிக்கணும்.” இரும்பு வேண்டாம், அலுமினியம் பாருங்கள் என்கிறார். சின்னது போதும் என்றால் சின்னது, பெரியது என்றால் ஆள் உயரத்துக்கு மேல். எனக்கு இது எதுவும் தெரியாது. கேபிள்காரர் வந்து வயரைச் சொருகிவிட்டுப் போனால் டிவி ஓடும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். கிளாடி இருந்தால் இதற்குள் கடையைப் பாதி பிரித்துப் போட்டிருப்பார். கப்பல் எஞ்சின் ரூமில் எண்ணெய் போடுகிற வேலை, ஆனால் வீட்டில் மிக்சி முனகினாலும் காதை வைத்துக் கேட்பார், உள்ளே எந்தப் பல் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார். டிஷ்ஷைத் திருப்புகிற மோட்டாரைக் கையில் தூக்கிப் பார்க்கிறேன், கனமாக இருக்கிறது, கைக்குழந்தையின் கனம். அவர் என்ன கேட்பாரோ அதையே கேட்போம் என்று, “உள்ள பல்சக்கரம் பித்தளையா, பிளாஸ்டிக்கா பாய்?” என்கிறேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்க்கிறார். “ஆத்தாடி. வீட்டுல மெக்கானிக் யாரும் உண்டோ?” “கப்பல்ல இருக்காங்க” என்கிறேன். “அப்படியா, மாப்ளைதானா? எப்ப வாறாரு?” இவ்வளவு சாதாரணமாக யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்று. எப்ப வாறாரு. கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லலாம், கான்ட்ராக்ட் முடிந்ததும் என்று சொல்லலாம், மற்ற கப்பல்காரர்களின் பெண்டாட்டிகள் சொல்வது மாதிரி அலுத்துக்கொண்டு, அவங்க எங்க பாய் வாறாங்க என்றுகூடச் சொல்லலாம். “வருவாங்க” என்கிறேன். சொன்ன பிறகு அந்தச் சொல் கடைக்குள்ளேயே நிற்கிறது. பாய் ஒன்றையும் கவனிக்கவில்லை. “பித்தளைதாம்மா” என்கிறார்.

மோட்டார் எதற்கு என்று ரெமி கேட்டான், ஒரு டிஷ்ஷை வாங்கி ஒரு பக்கமாக மாட்டினால் போதாதா என்றான். எந்தப் பக்கம் என்று தெரிந்தால் நான் ஏன் மோட்டார் கேட்கிறேன்? துபாயில் இருக்கிற கர்வாலோதான் முதலில் போன் போட்டான், கிளாடியோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். ரூமில் யாரோ டிவியை மாற்றிக்கொண்டே போகும்போது ஒரு கப்பலைக் காட்டினார்களாம், மேல்தளத்தில் ஆட்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்களாம், துப்பாக்கிக்காரன் ஒருவன் பின்னால் நின்றானாம். “கிளாடிய பாத்தேன் மைனி” என்றான். நான் முழங்கால் போட்டுவிட்டேன், போனைக் காதில் வைத்தபடியே. மறுநாள் நான் கூப்பிட்டபோது “கிளாடி மாதிரி இருந்துச்சு” என்றான். அதற்கடுத்த நாள் “சரியாப் பாக்கல மைனி, டக்குனு போயிட்டு, சில பேரு அதுல இல்லன்னு தோணுச்சு” என்றான். பிறகு அவன் போனை எடுக்கவில்லை. எந்தச் சேனல் என்று கேட்டதற்கு அரபியோ என்னவோ, எழுத்து வலமிருந்து இடமாக இருந்தது என்றான். பார்த்தேன், மாதிரி இருந்தது, சரியாகப் பார்க்கவில்லை. மூன்றில் எது நிஜம்? முதலில் சொன்னது மகிழ்ச்சியில் சொன்னது, கடைசியில் சொன்னது பயத்தில் சொன்னது, நடுவில் சொன்னது நிஜமாக இருக்கலாம். மாதிரி இருந்தது. யார் மாதிரி இருந்தாலும் கிளாடி மாதிரி இருக்கலாம், ரெமிகூட கிளாடி மாதிரித்தான் இருக்கிறான். சில பேர் அதில் இல்லை என்றால் யார் யார்? நம் ஊர்ச் சேனல்கள் முதல் வாரம் காட்டின, கலெக்டரிடம் மனுக் கொடுக்கப் போனபோது என் முகத்தையும் காட்டின, பிறகு தேர்தல் வந்தது, பிறகு மழை வந்தது. மும்பைக் கம்பெனியில் முதலில் ஒரு பெண் பேசினாள், பிறகு ஒரு மெஷின் பேசியது, இப்போது அதுவும் பேசுவதில்லை. இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து நானும் ரெமியும் தேடித் தேடிக் கண் பூத்துப்போனோம், கப்பலின் பழைய போட்டோ ஒன்று வரும், வர்ணம் அடித்த புதுசில் எடுத்தது, ஆள் இல்லாத கப்பல்.

“பெரிய டிஷ்ஷுன்னா தலையோட திருப்புற மோட்டார் தாங்காது” என்று பாய் சொல்லிக்கொண்டிருக்கிறார், “இந்தா, இந்த மாதிரி கம்பி நீளுற மோட்டார்தான் போடணும், ஜாக்கி மாதிரி தள்ளும். ஆனா இது ஒரு கோடில இருந்து மறுகோடி வரைக்கும் போவாது. ஒரு பக்கம் கொஞ்சம் நின்னுரும்.” நான் மோட்டாரைக் கீழே வைக்கிறேன். “மேற்க நிக்குமா, கிழக்க நிக்குமா?” “அது நாம மாட்டுறதப் பொறுத்து. மேற்க முழுசா வேணும்னா கிழக்க விட்டுரணும்.” “கிழக்க வேண்டாம் பாய்.” “என்ன தங்கச்சி இப்படிச் சொல்றீங்க, கிழக்கதான மலேசியா, சிங்கப்பூர்னு தமிழ்ச் சேனல்லாம் இருக்கு! மேற்க என்ன இருக்கு, அரபிக்காரனும் ஆப்பிரிக்காக்காரனும்…” என்று சொன்னவர் தானாகவே நிறுத்துகிறார். கண்ணாடி நெற்றியில் இருக்கிறது. அவருக்குப் புரிவதை நான் பார்க்கிறேன், ஸ்லைடில் நிறம் ஏறுவது போல மெதுவாக ஏறுகிறது. கப்பலில் இருக்கிறார்கள், மேற்கே வேண்டும், எல்லாச் சேனலும் வேண்டும். புருவம் இறங்குகிறது. இதோ குரலும் இறங்கப்போகிறது. “தங்கச்சி… அந்தக் கப்பலா?” நான் தலையை ஆட்டுகிறேன். கொஞ்ச நேரம் வாங்க வந்தவளாக இருந்தேன், அது முடிந்துவிட்டது.

கிளாடியை ஒரே ஒரு தடவை பேசவிட்டார்கள். லேபில் மத்தியான நேரம், கையில் க்ளவுஸ், முன்னால் ஒரு பெரியவரின் ரத்தம். தெரியாத நம்பர். “ஹலோ, அனஸ்தாசியா, திஸ் இஸ் கிளாடியஸ் மச்சாது ஸ்பீக்கிங்” என்று ஒரு குரல். முழுப் பேரையும் சொன்னார், என்னிடம், தன்னுடைய முழுப் பேரையும். இங்கிலீஷில்தான் பேச வேண்டும், தங்களுக்குப் புரிய வேண்டும் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொல்லியிருப்பார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நாங்கள் ஒரு வாக்கியம் இங்கிலீஷில் பேசியதில்லை. “ப்ளீஸ் டெல் கம்பெனி, ப்ளீஸ் டெல் கவர்ன்மெண்ட்” என்று பாடம் ஒப்பிக்கிற பையன் மாதிரிச் சொன்னார். நானும் “யெஸ், யெஸ், ஓகே” என்றேன், டாக்டரிடம் பேசுவது மாதிரி. வேறு என்ன இங்கிலீஷ் எனக்கு வந்தது? சாப்பிட்டீர்களா என்பதற்கு இங்கிலீஷ் தெரியும், அது அந்த நேரத்துக்கு வரவில்லை. கடைசியில் பின்னால் யாரோ சத்தம் போட்டார்கள், அப்போது அவர் “தண்ணி” என்றார். தமிழில். தண்ணி. அவ்வளவுதான், கட். தண்ணீர் இல்லை என்று சொல்ல வந்தாரா, தண்ணீர் கொடுங்கள் என்று யாரிடமாவது கேட்டாரா, கப்பலுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்றாரா, இல்லை எனக்கு ஏதாவது சொன்னாரா, தண்ணி மோட்டாரை இரவெல்லாம் ஓடவிடாதே என்று, கப்பலிலிருந்து எப்போது பேசினாலும் அதைச் சொல்வார். மூன்று எழுத்து. அதை வைத்துக்கொண்டு நான் இத்தனை மாதம் படுத்து எழுந்திருக்கிறேன். குழாயைத் திறக்கும்போது அந்தச் சொல் வருகிறது, பஸ்ஸில் யாராவது பாட்டிலைத் திறந்தால் வருகிறது. அந்தக் குரலையே மறுபடி மறுபடி மனசுக்குள் ஓடவிட்டு ஓடவிட்டு, இப்போது அது என் குரலாகிவிட்டது. அவர் எப்படிச் சொன்னார், இழுத்தா, வெட்டியா, தெரியவில்லை.

பாய் ஸ்டூலை எடுத்துப் போட்டு உட்காரச் சொல்கிறார். பிறகு, விற்க வேண்டிய மனிதர், ஒன்றொன்றாக எல்லாவற்றையும் பின்னால் தள்ளி வைக்கிறார். “நான் பொய் சொல்லி விக்கமாட்டேம்மா. நீங்க கேக்குற சேட்டிலைட்டு பாதி நம்ம பக்கம் பாக்கவே இல்ல. அது அவங்க நாட்டப் பாத்து வெளிச்சம் அடிக்குது, நமக்கு விழுறது அதோட வாலு. எவ்ளோ பெரிய டிஷ் போட்டாலும் வந்தா வரும், வராட்டி வராது. ஒங்க மாடில மேற்க என்ன இருக்கு?” மேற்கே என்ன இருக்கிறது. துணி காயப்போடும் கொடி தெரிகிறது, தொட்டி தெரிகிறது, கிளாடி சிமெண்ட் பூசும்போது விரலால் கிறுக்கிய கோடு தெரிகிறது, அதற்கு அப்பால் எனக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை, தினமும் போகிற மாடி. “லாட்ஜு” என்கிறான் ரெமி. எப்போது உள்ளே வந்தான் என்று தெரியவில்லை, என் பின்னால் நிற்கிறான். “மேற்க முழுக்க லாட்ஜு சுவருதான் பாய், அடுத்தாப்புல மூணு மாடி கட்டிட்டான்.” பாய் உதட்டைப் பிதுக்குகிறார். “மேற்க உள்ளதெல்லாம் தாழ இருக்கும் தம்பி. சூரியன் அடையுற எடத்துகிட்ட. சுவரு மறைச்சிட்டுன்னா முடிஞ்சுது.” ரெமி என் தோளுக்கு மேலே பேசுகிறான், நான் இல்லாத மாதிரி. “அதத்தான் பாய் நானும் சொல்லுதேன். வாங்க மைனி, போவோம்.” எனக்குக் கோபம் வருகிறது, யார் மேல் என்று தெரியாமல் வருகிறது. “சுவருக்கு மேல கம்பம் நட்டு வைக்க முடியாதா? கொடிமரம் நடுறாங்க, செல்போன் டவர் நடுறாங்க! நீங்க வித்துருங்க பாய். வருமா வராதான்னு நான் பாத்துக்கிடுதேன்.” என் குரல் கடையை விட்டு ரோடு வரைக்கும் போகிறது. எதிர்க்கடையில் ஒருவர் எட்டிப் பார்க்கிறார்.

பாய்க்குக் கோபமில்லை. “என் மாடில பெருசு ஒண்ணு இருக்கும்மா, மேற்க மறைப்பில்ல. திருப்பிக் காட்டுறேன். வர்றது வரட்டும், அதப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்று கல்லா பக்கத்தில் இருக்கும் பழைய டிவியைப் போடுகிறார். ரெமி டிவி முன்னால் போய் நின்றுகொள்கிறான். நான் ஸ்டூலிலிருந்து எழுந்து, “டிஷ் எப்படித் திரும்புதுன்னு மேல போய்ப் பாக்குறேன்” என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறுகிறேன். டிவியைப் பார்க்கத்தானே வந்தாய் என்று யாரும் கேட்கவில்லை. லேபில் அலமாரி நிறைய ரிப்போர்ட் கவர்கள் கிடக்கின்றன. ரத்தம் கொடுத்தவர்கள், முடிவை வாங்க வராதவர்கள். எதற்கு வந்து குத்திக்கொண்டார்கள் பிறகு எதற்கு வராமல் இருக்கிறார்கள் என்று எனக்கு எரிச்சலாக வரும், போன் போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன், நாளைக்கு வருகிறேன் என்பார்கள். படி ஏற ஏற என் கை சுவரைப் பிடித்துக்கொள்கிறது. வரிசையாக ஆட்கள். ஒருவர், அடுத்தவர், அடுத்தவர், கடைசி ஆள், அதோடு முடிந்துவிட்டது, அதில் அவர் இல்லை. அப்படி ஆகிவிட்டால் என்ன செய்வேன்? பார்க்காதவரைக்கும் அவர் அந்த வரிசையில் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறார்.

மாடியில் வெயில் செருப்பைத் தாண்டிக் காலைச் சுடுகிறது. டிஷ் வானத்தைப் பார்த்து மல்லாந்து கிடக்கிறது, நம் ஊர்ச் சேனல்களுக்கான சேட்டிலைட் எல்லாம் உச்சந்தலைக்கு மேலேதான் என்று பாய் சொல்லியிருந்தார், காக்கை எச்சமும் காய்ந்த இலையும் உள்ளே. திடீரென்று அது முனகுகிறது. கம்பி நீளுகிறது. இவ்வளவு பெரிய பொருள் இவ்வளவு மெதுவாகத் திரும்புமென்று நான் நினைக்கவில்லை, படுத்த படுக்கையாகக் கிடப்பவரை ஒருவர் மெல்லப் புரட்டுவது போல மேற்கே சாய்கிறது. இலைகள் சரிந்து விழுகின்றன. நிற்கிறது. கீழேயிருந்து ரெமி படிக்கட்டு வழியாகக் கத்துகிறான், “இந்திப் பாட்டு மைனி!” மறுபடி முனகல். “ஒண்ணுமில்ல, கோடு கோடா ஓடுது!” மறுபடி. “சமையலு! துலுக்கமாருக சமையலு!” பாய் ஏதோ சொல்லிச் சிரிக்கிற சத்தம், ரெமியும் சிரிக்கிற சத்தம், அட, இவன் சிரித்து எவ்வளவு நாளாயிற்று. ஒரு நிமிஷம் எனக்கும் இது ஒரு சாதாரணமான மத்தியானமாக இருக்கிறது, டிஷ் வாங்க வந்திருக்கிறோம், வீட்டில் போட்டால் ஊருக்கே காட்டலாம், கிளாடி வந்ததும் அதைப் பிரித்துப் பார்ப்பார். “ஓதுறாங்க!” என்கிறான் ரெமி. “ஒட்டகப் பந்தயம்!” டிஷ் இப்போது நன்றாகத் தலையைத் தாழ்த்திவிட்டது, அதன் விளிம்புக்கு அப்பால் உப்பளமும் புகைக்கூண்டும் வெள்ளையான வெயிலும். மேற்கு என்றால் எனக்குத் தெரிந்தது திருநெல்வேலி ரோடு. அதற்கும் அங்கே மலை, மலைக்கு அங்கே கடல், கடலுக்கு அங்கே அவர். முனகல் நிற்கிறது. ரெமி கத்தவில்லை. நான் காத்திருக்கிறேன். “என்ன ரெமி?” என்கிறேன். பிறகு அவன் குரல், கத்தாமல், ஆனால் எனக்குக் கேட்கிறது. “மைனி. கப்பல் காட்டுதான். வாங்க.”

போ என்கிறேன் காலிடம். எந்தக் கப்பலோ, உலகத்தில் இல்லாத கப்பலா, எண்ணெய்க் கப்பலாக இருக்கும், துறைமுகத்தில் ஏதாவது ஸ்ட்ரைக்காக இருக்கும். “மைனி!” என்று இப்போது கத்துகிறான், நான் படியில் இறங்கிக்கொண்டிருக்கிறேன், எப்படி இறங்கினேன், செருப்பு ஒன்று மாடியிலேயே நின்றுவிட்டது. டிவியில் கப்பலின் பக்கவாட்டு, துருப்பிடித்து வழிந்த சிவப்பு, அதில் எழுத்து, அந்தப் பேர், அந்தப் பேர்தான். பிறகு மேல்தளம். ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒரு கை கேமராவை மெதுவாகக் கொண்டு போகிறது. முதல் ஆள் கேப்டன், பேப்பரில் பார்த்த முகம். அடுத்தவர் சின்ன வயசு, கிளாடி இல்லை. அடுத்து தாடியும் எலும்புமாக ஒருவர், தலையைக் குனிந்து கையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், யார் பெற்ற பிள்ளையோ, எந்த வீட்டு ஆம்பளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டு அடுத்தவருக்குப் போகிறேன். அடுத்தவர் கிளாடி இல்லை. அவருக்கு அடுத்தவரும் இல்லை. கடைசி ஆள் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்குகிறார், அவர் வடநாட்டுக்காரர். முடிந்தது. கோட்டுப் போட்ட ஒருத்தி வந்து பேசுகிறாள். இல்லை. அவர் அதில் இல்லை. உடம்பு முழுக்கக் காலியாக, ஆனால் வினோதமாக லேசாக இருக்கிறது, தேட வேண்டியது முடிந்த மாதிரி. அப்போதுதான் ரெமியைப் பார்க்கிறேன். வாயைப் பொத்திக்கொண்டு அழுகிறான், தோள் குலுங்குகிறது. “அண்ணன் மைனி” என்கிறான். “அண்ணன எப்படி ஆக்கிட்டானுவ பாத்தீங்களா.” “எங்க?” “என்ன எங்க? அண்ணன்தான அது. தலையக் குனிஞ்சுகிட்டு…” நான் அவனைப் பார்க்கிறேன். அவன் என்னைப் பார்க்கிறான். “நீங்க பாக்கலையா மைனி?” பார்த்தேன். பார்த்துவிட்டுப் பாவம் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளுக்குப் போனேன். பதினோரு வருஷம் பக்கத்தில் படுத்த மனிதரை. பார்த்தேன் ரெமி, பார்த்தேன் என்கிறேன், பொய்யா நிஜமா என்று தெரியவில்லை, இரண்டும்தான்.

“உசிரோட இருக்காரு” என்று ரெமி பாயின் கையைப் பிடித்துக்கொள்கிறான், “உசிரோட இருக்காரு பாய்.” பாய் கையை விடுவித்துக்கொள்ளவில்லை, ஆனால் டிவியையே பார்த்துக்கொண்டிருக்கிறார். சவுதியில், தம்மாமில் நெடுங்காலம் லாரி ஓட்டினாராம், அரபி தெரியும். “என்ன சொல்லுதா அந்தப் பொம்பள?” என்று கேட்கிறேன். அவர் கண்ணாடியை இறக்கித் துடைக்கிறார். “பேச்சுவார்த்தை முறிஞ்சு போச்சுன்னு சொல்றா தங்கச்சி. கம்பெனிக்காரங்க வெலகிட்டாங்களாம்.” பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, “மேல மூலைல எழுதியிருந்தான். பழைய படம்னு. எப்ப எடுத்ததுன்னு போடல.” ரெமி கையை எடுத்துக்கொள்கிறான். பழைய படம். எவ்வளவு பழைய? கர்வாலோ பார்த்ததும் இதுதானா? தாடி அவ்வளவு வளர எத்தனை மாதம் ஆகும், அதிலிருந்து கணக்குப் போடலாமா, கிளாடிக்குத் தாடி வேகமாக வளரும், வீட்டில் இருக்கும்போது இரண்டு நாள் விட்டால் கன்னம் சொரசொரக்கும். அந்தத் தாடியை எண்ணப் பார்க்கிறேன், முகம் வரவில்லை. குனிந்த தலை வருகிறது, கைகள் வருகின்றன, முகம் இருக்க வேண்டிய இடத்தில் கல்யாண ஆல்பத்து முகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது, எண்ணெய் வைத்துச் சீவின தலையோடு, சதைப்பிடிப்பான கன்னத்தோடு. அதைத் தள்ளுகிறேன், போகமாட்டேன் என்கிறது. “திரும்பப் போடுவானா பாய்?” “மணிக்கொரு தரம் செய்தி உண்டு. போட்டாலும் போடுவான்.” “இருந்து பாத்துட்டுப் போறோம்.” “இருங்க. கட ஒங்களுது” என்று ஃபேனை எங்கள் பக்கம் திருப்பிவிட்டு, டீ சொல்லப் போகிறார்.

நாங்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். ஒரு நாடகம் ஓடுகிறது, ஒருத்தி கதவைச் சாத்துகிறாள், ஒருத்தன் வெளியே நின்று கெஞ்சுகிறான். டீ வருகிறது, ஆறுகிறது. “மோட்டார் வேண்டாம் பாய்” என்கிறேன். “இந்த எடத்துலயே நிக்கணும், அவ்வளவுதான். திரும்பக் கூடாது. பெரிய டிஷ்ஷாக் குடுங்க.” பாய் ரெமியைப் பார்க்கிறார், பிறகு என்னிடம் மெதுவாக, “லாட்ஜு சுவரு இருக்கேம்மா. இது இன்னும் தாழ இருக்கு. ஒங்க மாடில இருந்து பாத்தா சுவருதான் தெரியும்” என்கிறார். “கொஞ்சங்கூட வராதா?” “வராது.” “சரி. குடுங்க” என்கிறேன். அவர் மறு பேச்சுப் பேசாமல் எழுந்து போய், அளவு நாடாவை எடுத்துப் பெரிய டிஷ் ஒன்றை அளக்கிறார், அளந்ததையே மறுபடியும் அளக்கிறார். செய்திக்கான இசை வருகிறது. நான் ரெமியின் சட்டையைப் பிடிக்கிறேன். “எந்த எடத்துல இருந்தாங்கன்னு கைய வச்சுக் காட்டு. இந்தத் தடவ விட்டுரக் கூடாது. சட்டுனு போயிருவான்.” அவன் எழுந்து போய், டிவிக்குப் பக்கவாட்டில் மறைக்காமல் குந்தி, கண்ணாடியில் நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கமாக விரலை வைக்கிறான். “இங்க மைனி. கேமரா வந்து இந்த எடத்துல கொஞ்சம் நிக்கும்.” விரலைப் பார்க்கிறேன். அந்த விரலுக்கடியில் ஒரு மந்திரி கைகுலுக்குகிறார். ஒரு ஊரில் வீடு இடிந்து கிடக்கிறது, ஒரு பெண் தலையில் அடித்துக்கொள்கிறாள். வெள்ளம். குதிரைகள். கோட்டுப் போட்டவள் சிரித்துக்கொண்டே எதையோ சொல்கிறாள், பந்தாட்டம் வருகிறது, பச்சைப் புல்லில் ஆட்கள் ஓடுகிறார்கள். “பொறவு போடுவான் மைனி” என்கிறான் ரெமி. வானிலைப் படம் வருகிறது, கடல் நீலமாக, அதன் மேல் அம்புக்குறிகள் நகர்கின்றன. இசை வந்து முடிகிறது, விளம்பரம் வருகிறது, யாரோ தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறார்கள். அவன் விரலை எடுக்கவில்லை. மற்றக் கையால் முழங்கையைத் தாங்கிக்கொள்கிறான், நானும் எடுக்கச் சொல்லவில்லை.